வானத்தை வரைந்த காப்டன்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மதுரைக்கு வந்து போன அயல்நாட்டார் பலர். 14ஆம் நூற்றாண்டில் இபன் பதூதா வந்தார். 1606-ல் இராபர்ட் தெ நொபிலி வந்தார். அவர்களெல்லாம் தாம் கண்டதையும் கேட்டதையும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்னொருவர் வந்தார். மாட்டு வண்டிகளில் மரப்பெட்டிகளையும் மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். மீனாட்சியம்மன் கோயிலையும், திருமலை நாயக்கர் மகாலையும், வைகை ஆற்றையும், யானைமலையையும் ஒளியால் எழுதிக்கொண்டு போனார். நம் ஊரின் கல்லும் சுதையும் அன்றைக்கு எப்படி இருந்தன என்று இன்று நாம் கண்ணால் காண முடிகிறதென்றால் அது அவரால்தான். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

பெயரைக் கேட்டதும் தாவரவியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியும். செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ் அல்லர் இவர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கப்பற்படைத் துறைமுகமான டெவன்போர்ட்டில், 1822 ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்பதாவது பிள்ளை. பதின்ம வயதிலேயே, 1838-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பெரிய குடும்பங்களின் கடைக்குட்டிகளுக்குக் கம்பெனிப் படைதான் பிழைப்பு. அதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர் வாழ்வில் சொல்லத்தக்கது எதுவும் நடக்கவில்லை. அணிவகுப்பு, காவல், கண்டோன்மெண்ட், காய்ச்சல். ஆகையால் நாமும் அதை விரைந்து கடந்துவிடலாம்.

1851-ல் விடுப்பில் தாயகம் சென்றார். அங்கேதான் வாழ்வு திரும்பியது. இலண்டனில் அந்த ஆண்டு உலகப் பெரும் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒளிப்படக் கலை பிறந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் மெழுகுத்தாள் முறையை அதே ஆண்டில் வெளியிட்டார். மெல்லிய தாளை முதலில் மெழுகில் ஊறவைத்து, பின்னர் அயோடைடு உப்பு ஏற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது காமிராவில் வைத்துப் படமெடுக்கலாம். பல நாள் கெடாது. வெயில் நாட்டில் ஊர் ஊராகச் செல்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? டிரைப் அந்தக் கலையைக் கற்றார். 1853-ல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பியபோது ஒரு காமிராவும் கொண்டு வந்தார்.

வந்த ஆண்டே டிசம்பரில், ஆன்ட்ரூ நீல் என்னும் மருத்துவரோடு சேர்ந்து ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவை வைக்கப்பட்டுப் பரிசு பெற்றன. அரசின் கண்ணில் பட்டார். அதே ஆண்டு பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஆர்தர் ஃபேயர் தலைமையில் ஒரு தூதுக்குழு போனது. அதில் டிரைப் ஒளிப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். மழைக்காலம், மேகமூட்டம், உடல்நலக் குறைவு. அப்படியிருந்தும் இருநூறுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களோடு திரும்பினார். அவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, ஐம்பது தொகுதிகள் அச்சிட்டுக் கொடுக்கும் வேலை பெங்களூரில் நடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6000 படிகள். ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து, கழுவி, உலர்த்தி, அட்டையில் ஒட்ட வேண்டும். அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது. எல்லாம் கைவேலை.

இந்த இடத்தில்தான் வானம் குறுக்கே வந்து நின்றது.

கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போய்வந்த நம் தோழர்களின் கைப்பேசிகளை வாங்கிப் பாருங்கள். புகழ் பெற்ற கட்டிடங்கள் எல்லாம் இருக்கும். கோபுரம் இருக்கும், மகால் இருக்கும், பெரிய கோயில் விமானம் இருக்கும். ஆனால் வானம் இருக்காது. கோபுரத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது போல ஒரு வெளுப்பு. கலசத்தின் விளிம்புகூட அந்த வெளுப்பில் கரைந்து போயிருக்கும். புதிதாகப் படமெடுக்கும் எவருக்கும் முதலில் வரும் தொல்லை இது. காரணம் எளிது. நிழலில் நிற்கும் கல்லைவிட அதன் பின்னாலுள்ள வானம் பல மடங்கு ஒளி மிகுந்தது. நம் கண் இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்கிறது. காமிரா அப்படி ஏற்பதில்லை. கல்லுக்குப் போதிய ஒளியை அது வாங்கி முடிப்பதற்குள், வானத்தின் பங்கு நிரம்பி வழிந்துவிடுகிறது. வழிந்த பிறகு அங்கே மேகம் இருந்ததா, நீலம் இருந்ததா என்று எந்த வித்தையாலும் திரும்ப எடுக்க முடியாது.

நமக்கே இப்படியென்றால் டிரைப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருடைய தாளிலும் கண்ணாடித் தகட்டிலும் இருந்தது வெள்ளி அயோடைடு. அது ஏறத்தாழ 430 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை, அதாவது ஊதாவையும் நீலத்தின் ஒரு பகுதியையும் மட்டுமே உட்கொள்ளும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அதற்கு இருட்டோடு இருட்டு. செங்கல் கறுப்பாக விழும், வேப்பமரம் கறுப்பாக விழும், வானமோ நீலம்! காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன என்று ராலே பிரபு பின்னாளில் விளக்கிய பாடத்தை நம் வகுப்பில் படித்திருக்கிறோம். வானம் எதனால் நீலமோ, அதனாலேயே அது டிரைப்பின் தாளில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிரம்பி வழிந்தது. அவர் காலத்தில் இதற்கு வேதியியலில் மருந்து இல்லை. சாயம் கலந்து தகட்டுக்குப் பச்சையையும் உணர்த்தலாம் என்று பெர்லினில் ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தது 1873-ல். அதற்குள் டிரைப் காமிராவை மூடி வைத்துவிட்டார்.

மற்ற ஒளிப்படக்காரர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் சரணடைந்தார்கள். தாள் எதிர்ப்படத்தில் வானப்பகுதி திட்டுத் திட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் விழும். அந்த அழுக்குத் தெரியாமல் இருக்க, அந்தப் பகுதி முழுவதும் கறுப்பு மையைப் பூசிவிடுவார்கள். எதிர்ப்படத்தில் கறுப்பென்றால் படியில் வெள்ளை. வெறும் வெள்ளை வானம் கிடைக்கும், குறையில்லாத வெள்ளை. குஸ்தாவ் லெ கிரே வேறு வழி கண்டார். கடலுக்கு ஓர் எதிர்ப்படம், மேகத்துக்கு ஓர் எதிர்ப்படம் எனத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். 1856-57 ஆண்டுகளில் அவர் காட்டிய கடற்காட்சிகளைக் கண்டு ஐரோப்பா வியந்தது. இன்றைய கைப்பேசிகள் நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகின்றனவே, அதன் பாட்டனார் முறை இது.

டிரைப் மூன்றாவது வழியில் போனார். தூரிகையை எடுத்தார். மெழுகுத்தாளின் மேல் வானப்பகுதியில் நிறக்கலவையை ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் அழுத்தமாகவும் பூசினார். அழுத்தமாகப் பூசிய இடம் ஒளியைத் தடுக்கும். படியில் வெண்மேகமாக மலரும். மெல்லிய இடம் சாம்பல் வானமாகும். சொல்வது எளிது. எல்லாம் தலைகீழாகத் தெரியும் ஒரு தாளில், கறுப்பை வைத்து வெண்மேகம் வரைய வேண்டும். அடிவானத்தில் நீண்டு கிடக்கும் மேகம், மேலே கலைந்து போகும் மேகம் என்று வேறுபாடும் காட்ட வேண்டும். கோபுரத்தின் விளிம்பில் ஒரு நூல் அகலம்கூட மை ஏறிவிடக் கூடாது. மரத்தின் இலைகள் கறுப்புக் குவியலாக விழுந்த இடங்களில் இலை நுனிகளுக்கு வெளிச்சம் ஏற்றினார். நீரிலும் கை வைத்தார். பர்மாவில் தொடங்கிய இந்த வேலை தமிழ்நாட்டுப் படங்களில் கைதேர்ந்த வேலையாகிவிட்டது.

சிலர் இதைப் பொய் என்பார்கள். நானும் இதைப் பற்றி நெடுநேரம் யோசித்ததுண்டு. 1858 சனவரியில் மதுரையில் மழை மேகம் இருந்ததா என்று டிரைப்பின் படத்தை வைத்து எவரும் முடிவு கட்டக் கூடாது; அது மட்டும் உறுதி. வானிலை ஆய்வாளருக்கு அவர் படம் பயன்படாது. ஆனால் கட்டிடத்தில் அவர் கை வைக்கவில்லை. இடிந்த சுவரை இடிந்தபடியே விட்டார். உதிர்ந்த சுதையை ஒட்டவில்லை. தூணைச் சுற்றி முளைத்த செடியை அழிக்கவில்லை. தகடு பார்க்கத் தவறிய இடத்தில் மட்டுமே அவர் தூரிகை பேசியது. இன்றைக்கு நம் கைப்பேசிக்குள்ளிருக்கும் நிரல் நம்மைக் கேட்காமலே வானத்துக்கு நீலம் ஏற்றுகிறது, முகத்துக்கு வெள்ளை பூசுகிறது. அதைப் பார்த்துப் பழகிய நாம் டிரைப்பின் மேல் குற்றம் சுமத்துவது நியாயமாகப் படவில்லை.

1856-ல் அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். ஓவியரை அனுப்பிக் கோயில்களை வரையச் சொல்வதைவிட ஒளிப்படம் எடுப்பது மலிவானது, நம்பத்தக்கது என்று கம்பெனி இயக்குநர்கள் கருதிய காலம் அது. பம்பாய்ப் பகுதிக்குக் காப்டன் பிக்ஸ் என்பவரை அமர்த்தினார்கள், இங்கே டிரைப். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்ப் புரட்சித் தீ இன்னும் அணையாத நேரம். தெற்கே ஒரு காப்டன் துப்பாக்கியை விட்டுவிட்டுக் காமிராவோடு மாட்டு வண்டியில் போகிறார்! இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று அந்தப் பயணம் நீண்டது. 1858 சனவரி, பிப்ரவரி மாதங்கள் மதுரையில் கழிந்தன.

அவர் மதுரையில் எடுத்த படங்களின் பட்டியலே நமக்கு ஒரு நகர்வலம். பொற்றாமரைக் குளம், கோயிலின் வெளிப்பிரகாரம், கோயில் திருவாபரணங்களை வரிசையாக வைத்து எடுத்த ஒரு படம், முடிவு பெறாத இராயகோபுரம், புதுமண்டபத்தின் நீண்ட பக்கத் தாழ்வாரம், தமுக்கம், மாரியம்மன் தெப்பக்குளம், விளக்குத்தூண், வைகையைக் கடந்து நகருக்குள் வரும் பாதை, திருப்பரங்குன்றம், யானைமலை. நம் வயதுடையோர் சிறு பிள்ளையாக இருந்தபோது புதுமண்டபத்தில் தையல் எந்திரங்களின் ஓசையும் பாத்திரக் கடைகளின் பளபளப்பும்தான் பார்த்திருக்கிறோம். டிரைப்பின் படத்தில் அந்தத் தாழ்வாரம் தனித்துக் கிடக்கிறது. தூண்களின் வரிசை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடிகிறது. விளக்குத்தூணும் அப்படியே. மதுரையின் கோட்டைச் சுவரை இடித்து வெளி வீதிகள் உண்டாக வழி செய்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட தூண் அது. இன்று அதைச் சுற்றித் துணிக்கடைகளும் ஆட்டோக்களும். அவர் படத்தில் அது நடுவெளியில் ஒற்றையாக நிற்கிறது.

அவர் படங்களில் ஆள் நடமாட்டமே இல்லாதது போலத் தோன்றும். மதுரை அன்று வெறிச்சோடிக் கிடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மெழுகுத்தாளுக்கு நிமிடக் கணக்கில் ஒளி காட்ட வேண்டும். அந்த நேரத்துக்குள் நடந்து போனவர்கள் தாளில் தடம் பதிக்கவில்லை. அசையாமல் நின்றது கல் ஒன்றுதான். அதனால் கல் மட்டும் மிஞ்சியது.

மகாலின் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன். 1636-ல் திருமலை நாயக்கர் எழுப்பியது. பின்னாளில் பேரன் சொக்கநாதர் காலத்தில் பகுதி பகுதியாகப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். டிரைப் வந்தபோது எஞ்சியதும் சிதைந்து நின்றது. நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866-72 காலத்தில்தான் பழுதுபார்க்கப்பட்டது. ஆகவே இன்று நாம் பார்க்கும் மகாலில் எது நாயக்கர் வேலை, எது நேப்பியர் காலத்து வேலை என்று பிரித்தறிய டிரைப்பின் படங்கள் சாட்சி சொல்கின்றன. என் தந்தையார் கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நூலகத்தில் கிடைத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது, அவர் வளைவின் அழகைப் பார்க்கவில்லை. சுதை உதிர்ந்த ஓர் இடத்தில் விரலை வைத்து, உள்ளே செங்கல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தார். வளைவின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தக் கல் முதலில் விழும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். 160 ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் ஒரு கொத்தனார் செங்கல்லை எண்ண முடிகிறது. காரணம், எதிர்ப்படமே ஏறத்தாழப் படியின் அளவு பெரிது. உருப்பெருக்கும் வழக்கம் அன்று இல்லை. பத்து அங்குலம் உயரமும் பதினான்கு அங்குலம் அகலமும் கொண்ட படி வேண்டுமென்றால் அதே அளவுக்குக் காமிராவைச் சுமந்து போக வேண்டும்.

எங்கள் ஊர் ஒத்தக்கடைப் பக்கம். யானைமலையின் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கல்லாகப் படுத்திருக்கும் அந்த மலையை டிரைப் பக்கவாட்டிலிருந்து ஒன்றும் முனையிலிருந்து ஒன்றுமாகப் படமெடுத்திருக்கிறார். 2009-ல் அந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. டிரைப்பின் படத்தையும் இன்றைய மலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தும்பிக்கை இறங்கும் வளைவு இம்மியும் மாறவில்லை. மதுரையைச் சுற்றிலும் எத்தனையோ குன்றுகள் கிரானைட் பாளங்களாகக் கப்பலேறிவிட்ட நிலையில் இதைக் காண நெஞ்சு நிறைகிறது.

தஞ்சையில் அவர் செய்த வேலை இன்னும் அரியது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாக 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அந்தக் கல்வெட்டுகளை ஹூல்ச் அச்சில் வெளியிடத் தொடங்கியது 1890களில். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது டிரைப்பின் சுருள்.

இதையெல்லாம் ஒரே மனிதர் செய்தார் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், தாளுக்கு மெழுகேற்றியவர், வெயிலில் படிகளைத் திருப்பிப் போட்டவர் என்று பலர் இருந்தார்கள். அவர்களில் சி. ஐயாசாமி என்னும் தமிழரின் பெயர் பதிவாகியிருக்கிறது. டிரைப்பிடம் உதவியாளராக இருந்தவர். பின்னர் சென்னையில் டாக்டர் ஹண்டர் 1850-ல் நிறுவிய கலைப் பள்ளியில் ஒளிப்படப் பணியாற்றினார். இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரில் நடப்பது அந்தப் பள்ளிதான். ஐயாசாமியைப் பற்றி நம் வரலாற்றுத் துறை மாணவர் எவரேனும் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தேடினால் அது நல்லதோர் ஆய்வேடாகும்.

1858-லேயே படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. மதுரைத் தொகுதிகள் சிலவற்றுக்கு விளக்கம் எழுதியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வில்லியம் டிரேசி. பசுமலையில் செமினரி நடத்தியவர். ஊர் தெரிந்தவர் எழுத்தும் கை தேர்ந்தவர் படமும் ஒன்றுசேர்ந்தன. மேலும் பல மாவட்டங்களுக்குப் போக டிரைப் திட்டமிட்டிருந்தார்.

1859-ல் புதிய கவர்னராக சர் சார்லஸ் டிரெவெலியன் வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவூலச் சாவியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்று பெயர் வாங்கியவர். கலகத்துக்குப் பிந்திய காலம், கஜானா காலி. கோயிலைப் படமெடுப்பதற்குச் சம்பளம், வண்டி, வெள்ளி உப்பு என்று செலவழிப்பது ஆடம்பரம் என்பது அவர் முடிவு. ஒளிப்படப் பணியகத்தை மூட உத்தரவிட்டார். டிரைப் மன்றாடிப் பார்த்தார். பயனில்லை. 1860-க்குள் கடை கட்டியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், வருமான வரியை எதிர்த்த குற்றத்துக்காக டிரெவெலியனையே அதே 1860-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்! கவர்னர் பதவியில் அவர் இருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல். அதற்குள் இந்த ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

டிரைப்புக்கு அப்போது வயது 38. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். படைப்பணிக்குத் திரும்பினார், பர்மாவில் இருந்தபோது சில படங்கள் எடுத்தார், அவ்வளவே. 1870களின் நடுவில் ஓய்வு பெற்று, கௌரவ மேஜர் ஜெனரல் பட்டத்தோடு பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். சங்கும் சிப்பியும் பவளமும் சேகரித்துப் பொழுது போக்கினார். செலவைக் குறைப்பது அரசின் கடமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் 38 வயதில் ஒரு கையைக் கட்டிப் போட்ட சிக்கனத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. தெற்கே திருநெல்வேலிக்கும், கடற்கரையில் இராமேசுவரத்துக்கும் அந்த மாட்டு வண்டிகள் போயிருந்தால் நமக்கு இன்னும் எவ்வளவோ கிடைத்திருக்கும்.

இனி, காமிராவோ கைப்பேசியோ கையில் எடுத்துக் கோபுரத்தின் முன் நிற்கும் நண்பர்களுக்கு டிரைப்பின் வழியிலேயே சில சொல்ல ஆசை. தூரிகை வேண்டியதில்லை, சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். கிழக்குக் கோபுரத்துக்குக் காலை வெயில், மேற்குக் கோபுரத்துக்கு மாலை வெயில். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்போது கல்லும் வானமும் ஏறக்குறைய ஒத்த ஒளியில் இருக்கும், வானம் தப்பிவிடும். மதுரை ஏறத்தாழ வடக்கே 10 பாகையில் இருக்கிறது. ஆகையால் சித்திரை பிறந்ததும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்குப் பிறகு ஆகஸ்டுக் கடைசி வரை வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்குக் கோபுரத்தின் முகத்தில் நல்ல வெயில் விழுவது அந்த மாதங்களில்தான். டிரைப் வந்த தை, மாசியில் அந்த முகம் நாள் முழுதும் நிழல். பின்னால் சூரியன் நிற்கும் தென்வானம் கொதிக்கும். அதே மாதங்களில் தெற்குக் கோபுரம், நான்கிலும் உயரமானது, 170 அடி, முழு வெயிலில் குளிக்கும். கோடையில் நம் சமவெளியின் மேல் தூசு படர்ந்து வானம் தானாகவே வெளுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்து விட்ட மறுநாள் காலை கழுவிவிட்ட நீலத்தில் வெண்மேகம் நிற்கும். டிரைப் தூரிகையால் வரைந்த மேகங்களை அன்று இலவசமாகப் பெறலாம்.

கைப்பேசியில் எடுப்போர், திரையில் வானம் உள்ள இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு எடுங்கள். கல் கொஞ்சம் கறுத்து விழும், கவலை வேண்டாம். நிழலில் மறைந்ததைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். வழிந்து போன வானத்தை மீட்க முடியாது. அதுவும் போதவில்லையென்றால் வானத்தைப் படத்தில் குறையுங்கள்: ஒரு மண்டப வளைவுக்குள்ளிருந்து பாருங்கள், அல்லது கோபுரத்தின் ஒரு நிலையை மட்டும் நெருங்கி எடுங்கள். டிரைப்பின் புதுமண்டபத் தாழ்வாரப் படத்தில் வானமே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? 2018 முதல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்லத் தடை இருக்கிறது. ஆகவே சித்திரை வீதிகள்தான் நமக்கு நிற்குமிடம். மகாலுக்கு முற்பகல் நல்லது. தெப்பக்குளத்துக்கு, தண்ணீர் இருக்கும் நாளில், சூரியன் இறங்கும் நேரம்.

டிரைப் 1902 மார்ச் 2ஆம் நாள் டெவன்போர்ட்டில் காலமானார். அவர் பெயரை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய மூன்று நகரங்களின் பெரும் காட்சிக்கூடங்களில் அவர் படங்களை ஒன்றுசேர்த்துக் கண்காட்சி வைத்தார்கள். நம் புதுமண்டபமும் யானைமலையும் அங்கே சுவரில் தொங்கின. மெழுகுத்தாள் எதிர்ப்படங்கள் சில இன்னும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒளியைச் செலுத்திப் பார்த்தால் கோபுரம் வெளிறித் தெரிகிறது. அதற்கு மேலே, கறுத்த மேகங்களில், தூரிகை இழுத்த தடம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.